வாசகர் வட்டத்துக்கு ஒரு சிரிப்புக் குற்றக்கதைக்காரர்: யாரைத் தேர்ந்தெடுக்கலாம்?

பெங்களூருவில் இந்திரா நகர், ஜீவன் பீமா நகர்ப் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசி வருகிறோம். அடுத்த ஆறு மாதங்களுக்கு ஒரே எழுத்தாளரை எடுத்துக்கொண்டு தொடர்ந்து வாசிப்பது என்றும், அவர் குற்றக்கதை எழுதியே வாய்விட்டுச் சிரிக்க வைப்பவராக இருக்க வேண்டும் என்றும் முடிவாகிவிட்டது. யார் அவர் என்பதில்தான் இழுபறி. பலரும் முன்வைத்த பெயர்களை ஒப்பிட்டு, என் தேர்வைக் காரணத்தோடு சொல்லும்படி நண்பர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வட்டத்தில் இருப்பவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. பாதிப் பேர் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலைக்காக இங்கே வந்து, ஓய்வு பெற்று, விகடனும் குமுதமும் வாரம் தவறாமல் படித்த பழக்கத்தை இன்னும் விடாதவர்கள். மீதிப் பேர் அவர்களுக்கு அடுத்த தலைமுறை. இங்கேயே பிறந்து, பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படித்து, வீட்டில் தடையில்லாமல் தமிழ் பேசினாலும் ஒரு பக்கத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிறவர்கள். முதல் தரப்பில் எல்லோருக்கும் ஆங்கில நாவல் படிக்க முடியும். இரண்டாம் தரப்பில் எல்லோருக்கும் தமிழ் நாவல் படிக்க முடியாது. இந்த ஒரு நிலைமையே தேர்வைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

மீதிப் பாதியைத் தீர்மானிக்க நான் எடுத்துக்கொண்ட அளவுகோல், சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பது. பல நாவல்களில் கொலையோ கொள்ளையோ ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, அதன்மேல் நகைச்சுவை தூவப்பட்டிருக்கும். தூவியதைத் தட்டிவிட்டாலும் கதை அப்படியே நிற்கும். சிலவற்றில் மட்டும் குற்றமே சிரிப்பின் ஊற்றாக இருக்கும். சிரிப்பைப் பிரித்தெடுத்தால் கதை என்று ஒன்றும் மிஞ்சாது. ஆறு மாதம் ஒருவரையே படிப்பதென்றால் இந்த இரண்டாம் வகைதான் தாங்கும் என்று நம்புகிறேன். தூவிய நகைச்சுவை மூன்றாவது புத்தகத்தில் பழகிப்போய்விடும்.

முதலில் முன்வந்த பெயர் தேவன். 1913 முதல் 1957 வரை வாழ்ந்து, ஆனந்த விகடனின் ஆசிரியராகவும் இருந்து, தேவன் என்ற பெயரில் எழுதிய ஆர். மகாதேவனின் துப்பறியும் சாம்புவை மூத்தவர்கள் அத்தனை பேரும் முன்மொழிந்தார்கள். சாம்பு வங்கிக் குமாஸ்தா. பார்வைக்கு அசடு, பழக்கத்திலும் அசடு. பயத்தில் எதையாவது உளறுவார், அல்லது நிற்கக் கூடாத இடத்தில் போய் நிற்பார். குற்றவாளி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு தானே மாட்டிக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைக் கண்டு மலைத்துப்போவார், மனைவி வேம்பு பெருமைப்படுவாள், நடந்தது என்னவென்று கடைசிவரை தெரியாதவர் சாம்பு ஒருவர்தான். என் அளவுகோலில் சாம்பு முழுமையாகத் தேறுகிறார். துப்புத் துலங்குவதும் சிரிப்பு வருவதும் அங்கே ஒரே கணத்தில் நிகழ்கின்றன. தேவனின் நடையில் இருக்கும் கண்ணியம் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒருவரை அசடு என்று காட்டியபடியே அவரை நாம் நேசிக்கும்படி எழுதுவது எளிதில்லை. ஆனால் இவை வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்ட சிறுகதைகள். ஒரு வாரம் காத்திருந்து ஒன்றைப் படித்தவர்களுக்குக் கிடைத்த இன்பம், பத்துக் கதைகளை ஒரே மூச்சில் படிக்கிறவர்களுக்குக் கிடைக்காது. முடிச்சு எப்படி அவிழும் என்பது மூன்றாவது கதையிலேயே பிடிபட்டுவிடும். இளையவர்களுக்கு எழுத்து ஒரு தடை என்பதும் இருக்கிறது.

அடுத்து சுஜாதா. பெங்களூருவில் இருந்துகொண்டு அவரை விட்டுவிட்டு ஒரு பட்டியல் போட முடியாது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றவர். எங்கள் வட்டத்தின் மூத்தவர்களுக்கு அவர் எழுத்தாளர் மட்டுமில்லை, தங்கள் ஊரின், தங்கள் தொழிலின் மனிதர். வழக்கறிஞர் கணேஷும் அவருடைய ஜூனியர் வசந்தும் பேசிக்கொள்ளும் பேச்சுக்காகவே அந்த நாவல்களைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களை அறிவேன். வசந்த் சொல்லத் தொடங்கி ஒருபோதும் சொல்லி முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக், தமிழ் வாசகர்கள் பல காலமாகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஒரு குறும்பு. இருந்தும் இந்த நாவல்களின் குற்றம் தீவிரமானது. கொலை கொலையாகவே இருக்கிறது, அறிவியலும் சட்டமும் அதைச் சுற்றி இறுக்கமாகப் பின்னப்பட்டிருக்கின்றன. வசந்தின் குறும்பு அந்த இறுக்கத்தில் காற்று வர வைத்த ஜன்னல். ஜன்னலை அடைத்தாலும் வீடு நிற்கும். எனவே இவரைச் சிறந்த குற்றக்கதைக்காரர் என்று சொல்வேன், சிரிப்புக் குற்றக்கதைக்காரர் என்று சொல்ல மாட்டேன். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா இணையருக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும். அவர்களுடைய சீண்டல் பேச்சு இனிமையானது, ஆனால் வழக்கு தன் பாதையில் தனியாகப் போகிறது.

இந்த ஊரையே களமாகக் கொண்டவர் வேண்டும் என்று இளையவர்களில் ஒருவர் ஹரிணி நாகேந்திராவைச் சொன்னார். நகரத்தின் மரங்களையும் ஏரிகளையும் ஆராய்ந்தவரான அவருடைய 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்' 2022-இல் வெளிவந்தது; கதை நடப்பது 1921-இல். கணக்கில் ஆர்வமுள்ள இளம் மனைவி காவேரி துப்புத் துலக்குகிறாள். பழைய பெங்களூரின் தெருக்களையும் தோட்டங்களையும் காண்பதற்கு நல்ல புத்தகம், புன்னகையும் வரும். எங்களுக்கு வேண்டியது அதைவிடக் கொஞ்சம் உரத்த சிரிப்பு.

ரிச்சர்ட் ஆஸ்மனைப் பலரும் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். 2020-இல் வந்த 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பில் நடக்கிறது. உளவுத்துறையில் இருந்த எலிசபெத், செவிலியாக இருந்த ஜாய்ஸ், தொழிற்சங்கத் தலைவராக இருந்த ரான், மனநல மருத்துவர் இப்ராஹிம் ஆகிய நால்வரும் வியாழக்கிழமைதோறும் கூடித் தீராத கொலை வழக்குகளை அலசுகிறார்கள். ஜாய்ஸின் நாட்குறிப்புப் பகுதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு கொலையைப் பற்றியும் கேக்கைப் பற்றியும் அவர் ஒரே பத்தியில், ஒரே அக்கறையோடு எழுதுவார். ஓய்வு பெற்றவர்களும் இளையவர்களும் கலந்த ஒரு வட்டத்துக்கு இது இயல்பான தேர்வு என்பதை மறுக்கவில்லை. எலிசபெத்தின் கணவர் நினைவு தப்பிக்கொண்டே போவதைச் சொல்லும் இடங்கள் மனத்தை உலுக்குபவை. ஆயினும் அந்த நால்வரின் பேச்சுக்காகவே அங்கே போகிறோம். யார் கொன்றது என்பது அடுத்த மாதம் நினைவில் நிற்பதில்லை. விரும்புகிறவர்கள் தாமாகவே படித்துக்கொள்ளக்கூடியவர் என்பதால் வட்டத்தின் ஆறு மாதத்தை இவருக்குத் தர வேண்டியதில்லை.

உண்மையில் என்னைத் தடுமாற வைத்தவர் கார்ல் ஹையசன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1953-இல் பிறந்து, மயாமி ஹெரால்டு நாளிதழில் செய்தியாளராகவும் பத்தியாளராகவும் 2021 வரை எழுதியவர். சதுப்புநிலத்தைத் தூர்த்து மனை போடும் கட்டுமான அதிபர்கள், அவர்களுக்குக் கையெழுத்துப் போடும் அரசியல்வாதிகள், போலி மருத்துவர்கள் ஆகியோர்தான் அவருடைய குற்றவாளிகள். 1986-இல் வந்த 'டூரிஸ்ட் சீஸன்' நாவல், சுற்றுலாவை வளர்க்கும் வர்த்தக சபைத் தலைவர் ஒரு சூட்கேஸுக்குள் பிணமாகக் கிடைப்பதோடும், அவர் தொண்டையில் ஒரு பொம்மை முதலை சிக்கியிருப்பதோடும் தொடங்குகிறது. மாநில ஆளுநர் பதவியைத் துறந்து காட்டுக்குள் போய், சாலையில் அடிபட்டுச் செத்த பிராணிகளைச் சமைத்து உண்டு வாழும் ஸ்கிங்க் என்ற பாத்திரம் அவருடைய பல நாவல்களில் வருகிறது. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கித் தெருவில் பறந்ததையும், அந்த ஏரியே தீப்பற்றி எரிந்ததையும் கண்ணால் கண்ட ஊர்க்காரர்களுக்கு ஹையசனின் கோபம் விளக்கவே தேவையில்லாதது. குற்றமும் சிரிப்பும் அவரிடம் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதும் உண்மை, ஏனென்றால் இரண்டும் ஒரே சினத்திலிருந்து வருகின்றன. ஆனால் அந்தச் சிரிப்பில் குரூரம் உண்டு. சுவரில் மாட்டியிருந்த மார்லின் மீனின் அலகால் ஒருவர் குத்திக் கொல்லப்படுகிறார். இன்னொரு நாவலில் ஒருவன் தன் கையைக் கவ்விய நாயின் தலையோடு அலைகிறான். தனியாகப் படிக்கும்போது நான் சிரித்த இந்த இடங்களை எழுபது வயதான தோழி ஒருவரோடு உட்கார்ந்து பேச எனக்கு மனம் வரவில்லை. கோபமும் தொடர்ந்து ஆறு மாதம் கேட்டால் சலித்துவிடும்.

இனி என் தேர்வைச் சொல்கிறேன்: டொனால்டு வெஸ்ட்லேக். 1933-இல் பிறந்து 2008 டிசம்பர் 31 அன்று மறைந்தவர். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் நாம் சுஜாதாவை இழந்தோம். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைப் பல புனைபெயர்களில் எழுதிய அவர், அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருதை நாவல், சிறுகதை, திரைக்கதை என மூன்று பிரிவுகளில் பெற்றவர். அவரை சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தக அடுக்கில் கண்டெடுத்த நாள்முதல் என் அலுவலக நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற புனைபெயரில் அவர் 1962 முதல் எழுதிய பார்க்கர் வரிசை சிரிப்பே இல்லாதது. பார்க்கர் இரக்கமற்ற, தொழில் சுத்தமான கொள்ளைக்காரன். அவனை வைத்து ஒரே பொருளை மீண்டும் மீண்டும் திருட வேண்டிய ஒரு கதையைத் தொடங்கியபோது, அது தானாகவே வேடிக்கையாகிவிட்டது. பார்க்கருக்கு அது ஒத்துவரவில்லை. எனவே அந்தக் கதைக்கு வேறொரு திருடன் தேவைப்பட்டான். அவன்தான் ஜான் டோர்ட்மண்டர், அந்த நாவல்தான் 1970-இல் வந்த 'தி ஹாட் ராக்'. ஒரு மரகதத்தைக் கண்காட்சியிலிருந்து திருடுகிறார்கள். மாட்டிக்கொண்ட கூட்டாளி அதை விழுங்கிவிடுகிறான். அவனைச் சிறையிலிருந்து மீட்டால் கல்லைக் காவல் நிலையத்தில் ஒளித்து வைத்ததாகச் சொல்கிறான். அங்கே போனால் கல் இன்னோர் இடத்துக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் டோர்ட்மண்டரின் திட்டம் குறையில்லாமல் நிறைவேறுகிறது, ஒவ்வொரு முறையும் மரகதம் மட்டும் கைக்கு வருவதில்லை. இந்த அமைப்பிலிருந்து சிரிப்பைப் பிரித்து எடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். திட்டத்தின் கூர்மைதான் சிரிப்பின் கூர்மை.

டோர்ட்மண்டர் முட்டாளாக இல்லாதது மிக முக்கியம். சாம்பு அறியாமையால் வெல்கிறார். டோர்ட்மண்டர் அறிவிருந்தும் தோற்கிறார். தன் தொழிலை நன்றாகக் கற்ற, அதில் கர்வமுள்ள, எப்போதும் சோர்ந்த முகத்தோடு திரிகிற ஒரு நடுவயதுத் தொழிலாளியாகவே வெஸ்ட்லேக் அவரைக் காட்டுகிறார். நியூயார்க்கில் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் இருக்கும் ஓ.ஜே. மதுக்கடையின் பின்னறையில் அவருடைய கும்பல் கூடும். அங்கே பரிமாறும் ரோலோவுக்கு வாடிக்கையாளர்களின் பெயர் நினைவிருக்காது. அவரவர் குடிக்கும் பானத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார். கூட்டாளி ஆண்டி கெல்ப் கார் திருடும்போது மருத்துவர்களின் கார்களை மட்டுமே எடுப்பார், ஏனென்றால் வலியையும் மரணத்தையும் தினமும் பார்க்கிற மருத்துவர்கள் தமக்கென்று வாங்கும்போது சொகுசில் குறை வைப்பதில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. வண்டியோட்டி ஸ்டான் மர்ச் எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் முதலில் எந்தச் சாலை வழியாக வந்தேன், எங்கே நெரிசல், எந்தப் பாலத்தைத் தவிர்த்தேன் என்று முழுவதும் சொன்ன பிறகுதான் உட்காருவார். சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, ஹெப்பாள் நெரிசல்களைக் கடந்து வந்து, கடந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கும் எங்கள் வட்டத்துக்கு மர்ச்சை அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை.

பதினான்கு டோர்ட்மண்டர் நாவல்களில் எங்கே தொடங்குவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. வரிசைப்படி 'தி ஹாட் ராக்' தான் முதல். ஆனால் அதில் மரகதத்துக்காகப் போட்டியிடும் இரண்டு கற்பனை ஆப்பிரிக்க நாடுகளைச் சித்திரித்த விதம் அந்தக் காலத்தின் மேம்போக்கான பார்வையைக் கொண்டது. முதல் அறிமுகமே அதுவாக இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். 1972-இல் வந்த 'பேங்க் ஷாட்' சக்கரம் மாட்டி இழுத்துச் செல்லக்கூடிய ஒரு தற்காலிக வங்கியை முழுதாகத் திருடிக்கொண்டு போய், அதை எங்கே ஒளிப்பது என்று திண்டாடுவதைச் சொல்கிறது. அருமையான கற்பனை, ஆனால் பாத்திரங்கள் இன்னும் முழு உருப்பெறவில்லை.

நான் முன்மொழிவது 1996-இல் வந்த 'வாட்ஸ் த வொர்ஸ்ட் தட் குட் ஹேப்பன்'. ஆளில்லை என்று நம்பி ஒரு கோடீஸ்வரரின் வீட்டுக்குள் டோர்ட்மண்டர் நுழைகிறார். மேக்ஸ் ஃபேர்பேங்க்ஸ் என்ற அந்தக் கோடீஸ்வரர் வீட்டில் இருக்கிறார், கையில் துப்பாக்கி இருக்கிறது. போலீஸ் வருகிறது. அப்போது டோர்ட்மண்டரின் விரலில் இருக்கும் மலிவான மோதிரம் மேக்ஸின் கண்ணில் படுகிறது. அதிலிருக்கும் சின்னம் அவருடைய நிறுவனச் சின்னமாகவும் இருப்பதால், அது தன் மோதிரம், இவன் திருடிவிட்டான் என்று சொல்லிக் கேட்கிறார். போலீஸ்காரர் கழற்றிக் கொடுக்கச் சொல்கிறார். அது டோர்ட்மண்டரோடு வாழும் மே என்ற பெண் தன் மாமாவிடமிருந்து வந்ததென்று ஆசையாகக் கொடுத்தது. விலங்கு மாட்டப்பட்ட ஒரு திருடன் தன் பொருளைத் தன் பொருள் என்று சொல்லவே முடியாமல் நிற்கும் அந்தக் காட்சி, சட்டம் யாருடைய சொல்லை நம்பும் என்பதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் காட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த மோதிரத்துக்காக மேக்ஸ் போகும் இடமெல்லாம் டோர்ட்மண்டர் போகிறார். நியூயார்க், வாஷிங்டன், லாஸ் வேகஸ் என்று ஒவ்வோர் ஊரிலும் பெரும் பணம் கிடைக்கிறது, மோதிரம் கிடைக்கவில்லை. ஹையசனிடம் இருக்கும் அதே நியாய உணர்வு இங்கேயும் இருக்கிறது, ரத்தம் மட்டும் இல்லை.

அடுத்து 1990-இல் வந்த 'டிரௌண்ட் ஹோப்ஸ்'. அவருடைய நூல்களில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். டோர்ட்மண்டரின் பழைய சிறைத்தோழன் டாம் ஜிம்சன், கொள்ளையடித்த ஏழு லட்சம் டாலரை ஒரு சிற்றூரில் புதைத்து வைத்துவிட்டுச் சிறைக்குப் போனவன். அவன் வெளியே வருவதற்குள் அங்கே அணை கட்டி, ஊர் நீருக்கடியில் போய்விட்டது. மேட்டூர் அணையில் நீர் இறங்கும்போதெல்லாம் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் களம் அந்நியமாகத் தோன்றாது. அணையை வெடிவைத்துத் தகர்த்துவிடலாம் என்பது டாமின் யோசனை. கீழே இருக்கும் ஊர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் தூக்கத்திலேயே செத்துப்போவார்கள் என்பது அவனுக்குப் பொருட்டில்லை. டோர்ட்மண்டருக்கு அது பொருட்டாகிறது. தண்ணீர் என்றாலே நடுங்கும் அந்த மனிதர், யாரும் சாகாமல் அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஏரிக்குள் இறங்குகிறார், திரும்பத் திரும்பத் தோற்கிறார். ஒவ்வொரு தோல்விக்கும் நான் சிரித்தேன். அடுத்த தோல்வியில் டாம் வெடியை எடுத்துவிடுவானோ என்ற பதைப்பும் கூடவே வளர்ந்தது. பொறுக்க முடியாமல் மே அந்த அணைக்குக் கீழே இருக்கும் ஊரிலேயே போய்க் குடியேறிவிடுகிறாள். சிரிப்பும் அச்சமும் அறமும் ஒரே நூலில் கோக்கப்பட்டதை நான் வேறு எவரிடமும் இந்த அளவுக்குக் கண்டதில்லை.

வெஸ்ட்லேக்கிடம் குறைகள் உண்டு. பெண் பாத்திரங்கள் குறைவு. மேயும் டாக்ஸி ஓட்டும் மர்ச்சின் தாயும் நன்றாக அமைந்திருந்தாலும் அவர்களுக்குக் கிடைக்கும் பக்கங்கள் போதா. எழுபதுகளின் நியூயார்க் கொச்சை மொழி முதல் ஐம்பது பக்கங்களுக்குத் தடுக்கும், மூத்தவர்களுக்கு இளையவர்களின் துணை அங்கே தேவைப்படும். புதிய அச்சுப் பிரதிகள் எல்லா நாவல்களுக்கும் கடையில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மின்னூலாக வாங்கலாம், பழைய பிரதிகளுக்கு சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாஸம், புக்வொர்ம் ஆகிய கடைகளைக் கேட்டுவைக்கலாம்.

தேவனை விட்டுவிட எனக்கு மனமில்லை என்பதால் முதல் மாதத்தை இருவருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். சாம்பு கதைகள் இரண்டை மூத்தவர்கள் வாய்விட்டுப் படிக்க, எழுத்துக்கூட்டிப் படிக்கும் இளையவர்கள் கேட்கட்டும். அந்தத் தமிழ் காதுக்கென்றே எழுதப்பட்டது. அதே கூட்டத்தில் வெஸ்ட்லேக்கின் 'டூ மெனி க்ரூக்ஸ்' சிறுகதையை இளையவர்கள் படிக்கட்டும். எட்கர் விருது பெற்ற அந்தக் கதையில் டோர்ட்மண்டரும் கெல்ப்பும் சுரங்கம் தோண்டி ஒரு வங்கியின் பெட்டக அறைக்குள் தலையை நீட்டினால், அந்த நேரத்தில் முன்வாசல் வழியாக வேறொரு கும்பல் கொள்ளையடிக்க வந்து, பிணையாகப் பிடித்தவர்களை அதே அறையில் அடைத்து வைத்திருக்கிறது. அடைபட்டவர்கள் இவர்களைத் தங்களை மீட்க வந்தவர்கள் என்று நம்பிக் கொண்டாடுகிறார்கள். தவறாக எடுத்துக்கொள்ளப்படுவதால் பிறக்கும் சிரிப்பில் தேவனும் வெஸ்ட்லேக்கும் எவ்வளவு அருகில் நிற்கிறார்கள் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாம் மாதம் மோதிரக் கதை, மூன்றாம் நான்காம் மாதங்கள் நீளமான 'டிரௌண்ட் ஹோப்ஸ்', ஐந்தாம் மாதம் 'ஜிம்மி த கிட்'. இந்த ஐந்தாம் மாத நாவலில் கெல்ப் ஒரு பார்க்கர் நாவலையே கையேடாக வைத்துக்கொண்டு ஆள்கடத்தலுக்குத் திட்டம் போடுகிறார், கடத்தப்பட்ட சிறுவன் கும்பலில் எல்லோரையும்விடப் புத்திசாலியாக இருக்கிறான். ஆறாம் மாதத்துக்கு, அவர் மறைந்தபின் 2009-இல் வெளிவந்த கடைசி டோர்ட்மண்டர் நாவல் 'கெட் ரியல்': ரியாலிட்டி நிகழ்ச்சி எடுக்கும் ஒரு தயாரிப்பாளர், நீங்கள் கொள்ளையடியுங்கள், நாங்கள் படம் பிடித்துக்கொள்கிறோம் என்று கும்பலிடம் வருகிறார். பிக் பாஸை விடாமல் பார்க்கும் வட்டத்து நண்பர்கள் சிலர் இதுவரை எங்கள் கூட்டங்களில் வாய் திறந்ததில்லை; அந்த மாதம் அவர்களையே பேச்சைத் தொடங்கி வைக்கச் சொல்லலாம்.